எத்தனால் ஆலைக் கழிவும் வயல் மண்ணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்க வேண்டும் என்ற இலக்கை முதலில் 2030க்கு வைத்திருந்தார்கள். பிறகு அதை முன்கூட்டியே, 2025-26க்கு நகர்த்தினார்கள். கலப்பு ஏற ஏற, ஆலையின் பின்வாசலில் குவிகிற பொருளும் ஏறத்தான் செய்யும். அதில் ஒரு பகுதி டிராக்டரிலும் டேங்கரிலும் ஏறி வயலுக்கு வருகிறது. "உரம்தானே, அதுவும் சும்மா கொடுக்கிறார்கள், வாங்கலாமா?" என்பதுதான் பலருடைய முதல் கேள்வி. தமிழ்நாட்டின் கரும்பு வட்டாரங்களை மனதில் வைத்து, அந்தக் கேள்வியையும் அதைத் தொடர்ந்து வருகிற கேள்விகளையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த ஆலைகளிலிருந்து வயலுக்கு என்னென்ன வருகிறது?

கரும்பு வழியிலேயே பார்ப்போம். கரும்பைப் பிழிந்ததும் சக்கை பாய்லருக்குப் போகிறது. எரிந்தபின் சாம்பல் மிஞ்சுகிறது. சாற்றைத் தெளிய வைத்து வடிகட்டும்போது கிடைக்கும் கறுப்பான, ஈரமான மண்டிதான் பிரஸ்மட். 100 டன் கரும்புக்கு 3 முதல் 4 டன் வரை வரும். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சுகிற மொலாசஸைப் புளிக்கவைத்து வடித்தால் எத்தனால். வடித்த பிறகு அடியில் நிற்பது ஸ்பென்ட் வாஷ். ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 8 முதல் 15 லிட்டர் வரை இந்தக் கழிவுநீர் வருகிறது. முக்கியப் பொருளைவிடக் கழிவு பத்து மடங்கு என்றால், அதை எங்கே கொட்டுவது என்பதுதான் அந்த ஆலை மேலாளரின் அன்றாடத் தலைவலி.

இவை தவிர, எரிவாயு ஆலைகளிலிருந்து ஸ்லரி என்ற கூழ்க் கழிவு, பயோடீசல் வழியில் புண்ணாக்கும் கிளிசரினும். மக்காச்சோளம், அரிசியிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைகளின் மிச்சம் உலர்த்தப்பட்டு மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாகப் போய்விடுகிறது. நல்ல விலை கிடைப்பதால் அது வயலுக்கு வருவதில்லை. இதிலிருந்தே ஒன்று புரியும்: யாரும் காசு கொடுத்து வாங்காததுதான் நம்மிடம் இலவசமாக வருகிறது.

எல்லாம் கரும்பிலிருந்து வந்ததுதானே? மண்ணிலிருந்து போனது மண்ணுக்கே திரும்பினால் என்ன கெடுதல்?

எத்தனால் என்பது கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டும்தான். கரும்பு மண்ணிலிருந்து உறிஞ்சிய பொட்டாஷ், சுண்ணாம்பு, மக்னீசியம், கந்தகம் எதுவும் பெட்ரோல் பங்குக்குப் போவதில்லை. அவ்வளவும் ஆலைக்குள்ளேயே தங்கிக் கழிவில் சேர்கிறது. அந்த வகையில் உங்கள் வாதம் சரி.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. பல ஆயிரம் ஏக்கரிலிருந்து கரும்பு வந்தது. கழிவோ நீர். தொலைவு போகப் போக டேங்கர் வாடகை கட்டாது. ஆகவே ஆலையைச் சுற்றியுள்ள சில கிலோமீட்டருக்குள் இருக்கும் வயல்களிலேயே எல்லாம் விழுகிறது. பல ஆயிரம் ஏக்கரின் பொட்டாஷ் சில நூறு ஏக்கரில் இறங்கினால் அது உரம் இல்லை, உப்பு. எந்தக் கழிவாக இருந்தாலும், எத்தனை ஏக்கரிலிருந்து வந்தது, எத்தனை ஏக்கருக்குத் திரும்புகிறது என்று கேட்டுவிட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

ஸ்பென்ட் வாஷில் அப்படி என்ன இருக்கிறது?

ஆலையிலிருந்து நேராக வருவது காப்பி டிக்காஷன் நிறத்தில், சூடாக, புளித்த வெல்ல வாடையோடு இருக்கும். பிஎச் 4 வாக்கில், அதாவது நல்ல புளிப்பு. அதன் பிஓடி, அதாவது அதில் உள்ள கரிமப் பொருள் மட்குவதற்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு, லிட்டருக்கு 40,000 மில்லிகிராமைத் தாண்டும். ஊர்ச் சாக்கடைத் தண்ணீரில்கூட இது சில நூறுதான். கரைந்துள்ள உப்பைக் காட்டும் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 30 டெசிசீமன்ஸுக்கு மேல் போவது சாதாரணம். மண்ணில் இந்த அளவு 4ஐத் தொட்டாலே உவர் நிலம் என்கிறோம்.

இதை முதலில் எரிவாயுக் கலனில் விட்டு மீத்தேன் எடுத்துவிட்டால் பிஓடி வெகுவாகக் குறையும், பிஎச்சும் 7ஐத் தாண்டிவிடும். ஆனால் கரைந்துள்ள உப்பும் பொட்டாஷும் அப்படியேதான் இருக்கும். "சுத்திகரித்த தண்ணீர்" என்று சொல்லி ஒருவர் டேங்கரோடு வந்தால், எதைச் சுத்திகரித்தார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்று கேளுங்கள்.

ஒரு டேங்கர் விட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொலாசஸ் வழி ஸ்பென்ட் வாஷுக்கு இது வழக்கமான அளவுதான். 10,000 லிட்டர் டேங்கரில் 100 கிலோ பொட்டாசியம். உர மூட்டைக் கணக்கில், அதாவது பொட்டாசியம் ஆக்சைடாகச் சொன்னால் 120 கிலோ. கடையில் வாங்கும் 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில் 30 கிலோ சத்து. ஆக ஒரு டேங்கர் என்பது நான்கு மூட்டை பொட்டாஷ்.

ஒரு ஏக்கருக்கு நான்கு மூட்டை பொட்டாஷை ஒரே நாளில் யாராவது போடுவார்களா? டேங்கர் ஒன்றோடு நிற்பதும் இல்லை. பத்து வண்டி இறங்கினால் நாற்பது மூட்டை. கூடவே சோடியம், குளோரைடு, சல்பேட் எல்லாம் வருகின்றன.

அதனால் மண்ணில் என்ன மாற்றம் தெரியும்?

முதலில் நல்லதுபோல்தான் தெரியும். பயிர் கருகருவென்று வரும், மண் பொலபொலவென்று ஆகும். நுண்ணுயிர்களுக்குத் திடீரென்று விருந்து கிடைத்ததால் வரும் மாற்றம் அது. ஆனால் அதே விருந்தால், விட்ட முதல் சில வாரங்கள் மண்ணுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அந்த நேரத்தில் வேர் இருந்தால் மூச்சுத் திணறும், விதை போட்டால் முளைக்காது. மழையும் சேர்ந்து தண்ணீர் தேங்கிவிட்டால் இரும்பும் மாங்கனீசும் கரைந்து நச்சு அளவுக்குப் போகலாம், அழுகிய முட்டை வாடையும் கிளம்பும்.

நீண்ட கால விளைவுகள்தான் உண்மையான விளைவுகள். பொட்டாஷ் அளவுக்கு மீறினால் பயிர் மக்னீசியத்தை எடுக்கத் தடுமாறும். அடி இலைகளில் நரம்புக்கு நடுவே மஞ்சள் விழும். களிமண்ணில் சோடியத்தைப் போல இல்லாவிட்டாலும் பொட்டாசியமும் மிகுந்தால் மண் துகள்களைப் பிரித்துவிடும். மேல்மண் இறுகி, தண்ணீர் இறங்காமல் நிற்கும். கரும்பு விவசாயிக்கு இன்னொரு அடி: பொட்டாஷ் மிகுந்த சாற்றில் சர்க்கரை படிகமாவது கெடுகிறது, வெல்லமும் கசிகிறது. ஆலை தன் கழிவை நம் வயலில் விட்டு, அடுத்த வருடம் தன் சர்க்கரைக் கட்டுமானத்தை, அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரை விகிதத்தை, தானே குறைத்துக்கொள்வது வேடிக்கைதான்.

மணற்பாங்கான நிலத்தில் மண் கெடாமல் தப்பிக்கும், கிணறு மாட்டிக்கொள்ளும். மெலனாய்டின் என்ற பழுப்பு நிறமி எளிதில் மட்காது. கிணற்றுத் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தால் காரணத்தைத் தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை.

களர் நிலத்தை இது திருத்தும் என்கிறார்களே, பொய்யா?

பொய் இல்லை. இந்தப் பட்டியலிலேயே மிகச் சுவாரசியமான விஷயமும் இதுதான்.

களர் மண்ணில் களித்துகள்களைச் சோடியம் பிடித்துக்கொண்டிருக்கும். பிஎச் 8.5க்கு மேல். ஈரமாக இருந்தால் குழம்பு, காய்ந்தால் பாறை. இதைத் திருத்த ஜிப்சம் போடுகிறோம். அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். சுத்திகரிக்காத ஸ்பென்ட் வாஷ் இதே வேலையை மூன்று வழிகளில் செய்கிறது. அதிலேயே கால்சியமும் மக்னீசியமும் உண்டு. அதன் புளிப்பு, மண்ணில் ஏற்கெனவே கரையாமல் கிடக்கும் சுண்ணாம்பைக் கரைத்து மேலும் கால்சியத்தை விடுவிக்கிறது. கரிமப் பொருள் மட்கும்போது வரும் கரியமில வாயுவும் அந்தக் கரைப்புக்கு உதவுகிறது.

திருச்சி வட்டாரக் களர் நிலங்களில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகக் களர் ஆய்வு செய்துவருகிறது. களரைத் தாங்கும் டிஆர்ஒய் நெல் ரகங்கள் அங்கிருந்து வந்தவைதான். உப்பு இல்லாத களர் நிலத்துக்குப் பல்கலைக்கழகம் சொன்ன முறை இது: கோடையில், பயிர் இல்லாத நிலத்தில், எக்டேருக்கு 5 லட்சம் லிட்டர், ஒரே ஒரு தடவை. ஆறு வாரம் அப்படியே காற்றாட விட்டு, இடையில் உழ வேண்டும். அப்புறம் நல்ல தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். அதன் பிறகே நெல்.

இந்த முறையில் ஒவ்வொரு சொல்லும் ஒரு நிபந்தனை. கோடை என்றால் மழை அடித்துக்கொண்டு போகாது. ஒரே தடவை என்றால் வருடா வருடம் இல்லை. வடிக்க வேண்டும் என்றால் வடிகால் இருந்தாக வேண்டும். வடிகால் இல்லாத நிலத்தில் விரட்டப்பட்ட சோடியம் போக இடமில்லாமல் அங்கேயே நிற்கும், களர் நிலம் களர்-உவர் நிலமாக மாறும். உப்பு ஏற்கெனவே உள்ள நிலத்துக்கு இது ஆகவே ஆகாது. ஊரில் நடப்பதோ, "களருக்கு நல்லது" என்ற இரண்டு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு செம்மண் காட்டில் கொட்டுவது.

பிரேசிலில் வயலில்தானே விடுகிறார்கள்?

ஆமாம், பல பத்தாண்டுகளாக. 1975ல் எத்தனால் திட்டம் தொடங்கியதும் அங்கே ஆறுகள் நாறின. 1978ல் ஆற்றில் விடத் தடை வந்தது. அதன்பின் வினாஸ் என்று அவர்கள் சொல்லும் இதே கழிவைக் கரும்பு வயல்களுக்குக் கால்வாயிலும் குழாயிலும் கொண்டுபோனார்கள். பொட்டாஷ் உரச் செலவு மிச்சமானது.

ஆனால் சாவோ பாவ்லோ மாநிலத்தில் எவ்வளவு விடலாம் என்பதற்கு ஒரு சூத்திரமே இருக்கிறது. மண்ணின் நேர்மின் அயனிப் பரிமாற்றத் திறனில், அதாவது மண் துகள்கள் சத்துகளைப் பிடித்துவைக்கும் திறனில், பொட்டாசியம் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அந்த அளவைத் தொட்டுவிட்டால், பயிர் ஒரு வெட்டில் எடுத்துப்போகும் அளவு மட்டும்தான் விடலாம்; அது எக்டேருக்கு 185 கிலோ பொட்டாஷ் என்று வைத்திருக்கிறார்கள். நம் ஏக்கர் கணக்கில் 75 கிலோ. மேலே பார்த்த ஒரே ஒரு டேங்கர் இதைத் தாண்டிவிடுகிறது. அங்கே ஆலையும் வயலும் பெரும்பாலும் ஒரே நிர்வாகத்தின் கையில். பல்லாயிரம் எக்டேரில் பரப்ப அவர்களால் முடியும், கெட்டால் நட்டமும் அவர்களுக்கே. நம் ஊரில் இரண்டு ஏக்கர்காரர் அதைப் பார்த்து நகலெடுக்க முடியாது.

அவர்களுக்கும் தொல்லை இல்லாமல் இல்லை. கரும்புத் தோகையும் வினாஸும் சேர்ந்த வயல்களில் கடிக்கும் ஈக்கள் பெருகிப் பக்கத்து மாட்டுப் பண்ணைகளைப் படுத்துகின்றன. வினாஸ் விட்ட கையோடு தழைச்சத்து உரமும் போட்டால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வெப்பம் பிடிக்கும் வாயு கூடுதலாகக் கிளம்புகிறது. இந்த இரண்டாவது விஷயம் நமக்கும் உதவும்: கரிமப் பொருள் நிறைந்த எந்த ஆலைக் கழிவையும் யூரியாவையும் ஒரே நாளில் போடாதீர்கள். வாயுவாகப் போவது உங்கள் காசு.

இங்கே வயலில் விடுவது சட்டப்படி சரியா?

2003ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொண்டுவந்த சாசனத்தில் உரம் தயாரித்தல், நீர்த்துப் பாய்ச்சுதல், ஒரு தடவை கட்டுப்பாட்டோடு நிலத்தில் இடுதல் ஆகியவற்றுக்கு இடம் இருந்தது. பிறகு பிடி இறுகியது. இப்போது மொலாசஸ் ஆலைகளிடம் எதிர்பார்ப்பது, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வளாகத்தைவிட்டு வெளியே வரக் கூடாது என்பதுதான். கழிவைச் சுண்டவைத்துப் பாய்லரில் எரிப்பது, அல்லது பிரஸ்மட்டோடு கலந்து உரமாக்குவது என்று போகிறார்கள். இரவில் வரும் டேங்கரைச் சந்தேகப்பட இதுவே போதுமான காரணம்.

எரித்த சாம்பலை உரமாக விற்கிறார்களே, அது எப்படி?

மொலாசஸ் பொட்டாஷ் என்ற பெயரில் வருகிறது. 14.5 விழுக்காடு பொட்டாஷ் இருக்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் விதி. நம் நாடு பொட்டாஷுக்கு ஏறக்குறைய முழுக்க இறக்குமதியை நம்பியிருப்பதால், 2021ல் இதையும் மானியத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

என் கணக்கில் இந்தப் பொருள்களிலேயே நேர்மையான வடிவம் இதுதான். தண்ணீரும் வாடையும் போய்விட்டன, எடைபோட்டுப் போடலாம், தூரத்து வயலுக்கும் அனுப்பலாம். ஒரு மூட்டையில் 7.25 கிலோ சத்து. ஒரு மூட்டை சாதாரணப் பொட்டாஷுக்கு இது நான்கு மூட்டைக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். விலை பேசும்போது ஏற்றுக்கூலியையும் சேர்த்துப் பேசுங்கள். காரத்தன்மை உள்ள பொருள் என்பதால் களர் நிலத்துக்கு வேண்டாம்.

பிரஸ்மட் எப்படி?

நல்ல பொருள், பக்குவமாக வந்தால். உலர் எடையில் தழைச்சத்து 1 முதல் 2 விழுக்காடு, மணிச்சத்து ஏறத்தாழ அதே அளவு அல்லது சற்றுக் கூடுதல், பொட்டாஷ் குறைவு, கால்சியமும் கந்தகமும் தாராளம். கரும்புக்குப் பல்கலைக்கழகப் பரிந்துரை எக்டேருக்கு 37.5 டன், கடைசி உழவுக்கு முன். ஏக்கருக்கு 15 டன் என்பது பெரிய அளவாகத் தெரியும். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெறும் ஈரம்.

ஆலையிலிருந்து அன்றே வந்ததை அப்படியே போடுவதுதான் வழக்கமான தப்பு. புது பிரஸ்மட்டில் கரும்பு மெழுகு இருக்கிறது. மண்ணில் அது படிந்தால் தண்ணீர் இறங்கத் தாமதமாகும். மிஞ்சிய சர்க்கரை மட்கும்போது சூடு ஏறும், அந்தச் சமயத்தில் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். விதைக் கரணை நட்ட வயலில் இப்படிப் போட்டால் முளைப்பு அங்கங்கே போய்விடும். குவித்து, ஈரம் காத்து, பத்து நாளுக்கு ஒருமுறை புரட்டி, இரண்டு மூன்று மாதம் மட்கவிட்டுப் போட வேண்டும்.

மட்கிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குவியலின் நடுவில் கடப்பாறையைச் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். செருகிய முனையைப் பிடிக்க முடியாமல் சுட்டால் இன்னும் வேலை நடக்கிறது என்று அர்த்தம். கையில் எடுத்துப் பிசைந்தால் புளிப்பு வாடை இல்லாமல் முதல் மழை பெய்த மண் வாடை வர வேண்டும்; வழுவழுப்பு இருக்கக் கூடாது.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பயறு வைத்துப் பாருங்கள். ஒரு பங்கு உரத்தைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலக்கி, ஒரு மணி நேரம் வைத்துத் துணியில் வடிகட்டுங்கள். அந்தத் தண்ணீரில் நனைத்த துணியில் 20 பச்சைப்பயறு, வெறும் தண்ணீரில் நனைத்த துணியில் 20 பச்சைப்பயறு. மூன்றாம் நாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எண்ணிக்கை மட்டும் போதாது, வேரின் நீளத்தையும் பாருங்கள். முளைத்திருந்தும் வேர் குட்டையாக, நுனி பழுப்பாக இருந்தால் உரம் மட்கவில்லை, அல்லது உப்பு அதிகம். ஸ்பென்ட் வாஷ் தெளித்து மட்கவைத்த ஆலை உரத்துக்கு இந்தச் சோதனை அவசியம், ஏனென்றால் அதில் நன்றாக மட்கிய பின்னும் உப்பு இருக்கும். சூடு ஆறிவிட்டதாலேயே உப்பு போய்விடாது.

எல்லா ஆலை பிரஸ்மட்டும் ஒன்றா?

இல்லை. சாற்றைத் தெளிய வைக்க நம் நாட்டு ஆலைகளில் பெரும்பாலானவை கந்தகப் புகை முறையைப் பயன்படுத்துகின்றன. அந்தப் பிரஸ்மட்டில் கந்தகம் இருக்கும், களர் நிலத்துக்கும் ஓரளவு உதவும். கரியமில வாயு முறை ஆலையாக இருந்தால் பிரஸ்மட்டில் பாதிக்கும் மேல் சுண்ணாம்பாக இருக்கலாம். அது புளிப்பு மண்ணுக்குத்தான் சரி. சுண்ணாம்புக் கரிசலில் போட்டால் இரும்பு, துத்தநாகப் பற்றாக்குறை இன்னும் மோசமாகும். வாங்கும்போது இந்த ஒரு விவரத்தைக் கேளுங்கள்.

பிரஸ்மட் போட்டால் ரசாயன உரத்தைக் குறைக்கலாமா?

மணிச்சத்தைத் தாராளமாகக் குறைக்கலாம். 15 டன்னில் உலர் பொருள் சுமார் 4.5 டன், மணிச்சத்து 2 விழுக்காடு என்றாலும் 90 கிலோ. அது முழுதும் முதல் வருடமே பயிருக்குக் கிடைக்காது, ஆனாலும் அதோடு டிஏபியும் முழு அளவில் போடுவது காசைக் கொட்டுவது. தழைச்சத்தை மெதுவாக விடுவதால் முதல் பருவத்தில் யூரியாவில் பெரிதாகக் கை வைக்காதீர்கள். வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பில் பார்த்துக் குறைக்கலாம். பொட்டாஷ் இதில் குறைவு, அதைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

இப்போது பிரஸ்மட்டே கிடைப்பதில்லையே?

அதிலிருந்து எரிவாயு எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். 2018ல் மத்திய அரசு தொடங்கிய ‘சதத்’ (SATAT) திட்டத்தில் அழுத்திய உயிரி எரிவாயு ஆலைகளுக்கு இது நல்ல தீனி. மீத்தேன் எடுத்தபின் திட உரமாகவும் திரவ உரமாகவும் திரும்பி வரும். 2023ல் அந்த உர விற்பனைக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தார்கள். கலனுக்குள் போய் வந்த பொருளில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து குறைவதில்லை, குறைவது கார்பன்தான். மண்ணின் கரிமத்தை ஏற்ற வேண்டும் என்பவருக்கு இது சற்று நட்டம். உடனடிச் சத்து வேண்டும் என்பவருக்கு லாபம்.

சாண எரிவாயு ஸ்லரியை உலர்த்திப் போடலாமா?

உலர்த்தாதீர்கள். கலனுக்குள் தழைச்சத்தின் ஒரு பகுதி அம்மோனியமாக மாறியிருக்கிறது. வெயிலில் காயப்போட்டால் அது அம்மோனியாவாகப் பறந்துவிடும்; வீட்டுக்குப் பின்னால் அந்த நெடி அடித்தால் உரம்தான் போய்க்கொண்டிருக்கிறது. பாசனத் தண்ணீரோடு கலந்து விடுங்கள், முடியாவிட்டால் குழியில் சருகு, தோகை, வைக்கோலோடு அடுக்கிவிடுங்கள். சாணத்தைவிடக் களை விதை குறைவு என்பது கூடுதல் வசதி. சாயங்காலம் விடுவது நல்லது.

பாய்லர் சாம்பல், உமிக் கரி?

சக்கைச் சாம்பலில் சிலிக்கா நிறைய, பொட்டாஷ் கொஞ்சம். நெல்லுக்குச் சிலிக்கா தண்டை உறுதியாக்கும். உமிக் கரி மண்ணில் வெகுகாலம் அப்படியே நிற்கும், செம்மண்ணில் ஈரம் பிடிக்கும். இரண்டும் காரம். நீலகிரி போன்ற புளிப்பு மண்ணுக்கு வரம், களருக்கு ஆகாது.

புங்கம், காட்டாமணக்கு, இலுப்பைப் புண்ணாக்குகள்?

2000களில் காட்டாமணக்கை நட்டால் டீசல் கொட்டும் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். டீசல் கொட்டவில்லை. புண்ணாக்கு மட்டும் நல்ல உரம்: தழைச்சத்து 3 விழுக்காட்டுக்கு மேல். ஆனால் ஃபார்பால் எஸ்டர் என்ற நச்சு அதில் இருக்கிறது. மண்ணில் சில வாரங்களில் சிதைந்துவிடும் என்றாலும், ஆடு மாடு மேயும் இடத்தில் மூட்டையைத் திறந்து வைக்காதீர்கள்.

புங்கம் புண்ணாக்கு பழைய நண்பன். தழைச்சத்து 4 விழுக்காடு வாக்கில். அதிலுள்ள கரஞ்சின் யூரியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களை மந்தப்படுத்துவதால் யூரியாவோடு கலந்தால் சத்து வீணாவது குறையும்; நூற்புழுவும் கரையானும் கட்டுப்படும். இலுப்பைப் புண்ணாக்கில் சபோனின் உண்டு. மீன் குட்டையில் வேண்டாத மீன்களைக் கொல்ல அதைத்தான் போடுகிறார்கள், மண்புழுவும் அதற்குத் தப்பாது. நடவுக்கு முன்பே, அளவாகப் போட்டு ஆறவிடுங்கள்.

பயோடீசல் கிளிசரினை மண்ணில் ஊற்றலாமா?

நம் வயல்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் குளிர்காலத்துக்கு முன் இந்தக் கழிவை மண்ணில் இட்டுப் பார்த்தார்கள். நுண்ணுயிர்கள் பெருகி, மண்ணில் மிஞ்சியிருந்த நைட்ரேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டன. நிலத்தடி நீருக்கு வடிவது குறைந்தது. அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையே மழையில் ஊறிக் கிடக்கும் நிலத்துக்கு அது பொருந்தும். நிற்கும் பயிரில் ஊற்றினால் அதே வேலை பயிரின் பங்கைப் பிடுங்குவதாக ஆகும். கூடவே மெத்தனாலும் காரமும் கலந்திருக்கும்.

இவற்றால் மண்ணின் கரிமச் சத்து ஏறுமா?

எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். ஒரு ஏக்கரின் மேல் அரை அடி மண் சுமார் 900 டன். அதில் கரிமத்தை 0.1 விழுக்காடு ஏற்றவே 900 கிலோ கார்பன் நிலையாகத் தங்க வேண்டும். 15 டன் பிரஸ்மட்டில் மொத்தமே ஒன்றரை டன் சொச்சம்தான் கார்பன், நம் வெயிலில் அதில் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளில் காற்றோடு போய்விடும். ஸ்பென்ட் வாஷின் கார்பன் இன்னும் வேகமாகப் போகும். விட்ட கையோடு எடுத்த மண் பரிசோதனையில் கரிமம் கூடித் தெரிவதைப் பார்த்து மகிழ வேண்டாம். வெகுகாலம் நிற்பது உமிக் கரி போன்ற கரி மட்டும்தான்.

வைக்கோலிலிருந்தும் எத்தனால் எடுக்கிறார்களாமே?

அரியானாவின் பானிபட்டில் 2022ல் தொடங்கிய ஆலைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல் வேண்டும். அங்கே எரித்துப் புகைமூட்டமாவதைவிட அது மேல். நம் டெல்டாவில் வைக்கோல் மாட்டுக்குப் போகிறது, சாணமாகத் திரும்பவும் வாய்ப்பு இருக்கிறது. டன் வைக்கோலோடு ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ பொட்டாஷ் வெளியேறும். விற்பதானால் விலையில் அந்த அரை மூட்டைப் பொட்டாஷையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மண் பரிசோதனையில் என்ன பார்க்கச் சொல்ல வேண்டும்?

வழக்கமான தழை, மணி, சாம்பல் போதாது. பிஎச், மின்கடத்துத் திறன், பரிமாற்றச் சோடியம், கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றையும் கேளுங்கள். கழிவு போடும் முன் ஒரு மாதிரி, ஒரு பருவம் கழித்து ஒரு மாதிரி. மேல்மண்ணோடு இரண்டடி ஆழத்திலும் எடுங்கள். உப்பு கீழே இறங்கி உட்கார்ந்திருப்பது மேல்மண்ணில் தெரியாது. கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொடுத்துவிடுங்கள். கன உலோகம் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். கரும்பு வழிக் கழிவில் அது பெரும்பாலும் முதல் கவலை இல்லை, உப்புதான்.

பக்கத்து நிலத்தில் டேங்கர் விடுகிறார்கள், என் கிணறு நிறம் மாறுகிறது. என்ன செய்வது?

முதலில் தண்ணீர் மாதிரி எடுங்கள், மழைக்கு முன்பே. மழை பெய்தால் நீர்த்துவிடும், பிறகு நிரூபிப்பது கடினம். சுத்தமான பாட்டிலைக் கிணற்றுத் தண்ணீரிலேயே இரண்டு மூன்று முறை அலசி, காற்றில்லாமல் நிரப்பி, தேதியும் இடமும் எழுதி ஒட்டுங்கள். கழிவு விடாத பக்கத்தில் உள்ள ஒரு கிணற்றிலும் அதேபோல எடுங்கள், ஒப்பிட வேண்டுமே. வண்டி எண், நேரம், புகைப்படம் இருக்கட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதன் நகலை ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமை மனுநாளிலும், மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். குறைதீர் கூட்டத்துக்குத் தனியாகப் போகாமல் அக்கம்பக்கத்துக் கிணற்றுக்காரர்களையும் அழைத்துப் போங்கள். முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரை நாற்றங்காலுக்குப் பாய்ச்சவே வேண்டாம். இளம் பயிர்தான் உப்புக்கு முதலில் விழும்.